கனிந்து மிஞ்சிய வாழைப்பழத்தை வீட்டிற் பயன்படுத்தும் முறைகள்

ஊவா மாகாணத்திற் கமஞ்செய்யும் குடும்பங்களுள் வாழை இல்லாத வளவைக் காண்பது அரிது. வயல் வரம்பிலும், மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திலும், தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளுக்குப் பின்புறமாகக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலருகிலும் இரண்டொரு வாழையாவது நிற்கும். மொனராகலை மாவட்டத்தில் வெல்லவாய, புத்தல, தணமல்வில முதலிய இடங்களில் வாழையே முதற்பயிராக ஏக்கர்க் கணக்கிற் பயிரிடப்படுகின்றது. பதுளை மாவட்டத்திலோ அது பெரும்பாலும் துணைப்பயிர். துணைப்பயிர் என்பதனாலேயே அதன் அறுவடையைப் பற்றி எவரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. நெல் அறுக்கும் நாளிலோ, போஞ்சி பறிக்கும் நாளிலோ குலையும் முற்றி நிற்கும். வெட்டி வீட்டுக்குட் கொண்டுவந்து வைத்த பின்னர், வேலை மிகுதியால் அதனை நினைப்பதற்கு நேரமிராது.

குலையின் இயல்பு யாவரும் அறிந்ததே. நாலைந்து நாள் பச்சையாகவே இருக்கும். பின்னர் ஒரே மூச்சிற் பழுத்துவிடும். பன்னிரண்டு கிலோ நிறையுள்ள குலையொன்றில் தண்டையும் தோலையும் நீக்கினால் ஏறக்குறைய ஏழு கிலோ சதை கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு பழம் வீதம் உண்டாலும் முழுவதையும் உண்டு தீர்ப்பதற்குள் பாதி கறுத்துவிடும். கறுத்த பழத்தைச் சந்தையில் வாங்குவாரில்லை. அயலாருக்குக் கொடுக்கவும் கூச்சமாக இருக்கும். ஈற்றில் மாட்டுக்கும் குப்பைக் குழிக்குமாக அது போய்ச் சேருகின்றது. அவ்வாறு போகும் பழத்தின் பெரும்பகுதி நல்ல உணவு என்பதை எடுத்துக்காட்டி, அதனை அடுக்களையில் எவ்வெவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பழம் கனியும்போது நிகழ்வது

முற்றிய வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பங்கு மாப்பொருள் உண்டு. சீனி மிகச் சிறிதளவே. பழுக்கத் தொடங்கியதும் காய் தானாகவே எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றது. அவ்வாயு பக்கத்துக் காய்களையும் பழுக்கத் தூண்டுகின்றது. ஒரு சீப்புப் பழுத்தால் மற்றைச் சீப்புகளும் தொடர்ந்து பழுப்பதற்கு இதுவே காரணம். முற்றாகப் பழுத்த பழத்தில் மாப்பொருள் ஒன்றிரண்டு பங்காகக் குறைந்து, சீனி பதினைந்து முதல் இருபது பங்காக ஏறிவிடும். ஆகவே கனிந்து மிஞ்சிய பழம் சத்துக் கெட்ட பழமன்று. சீனி நிரம்பிய பழமாகும். அரைக் கிலோ சதையில் ஏறக்குறைய எழுபத்தைந்து கிராம் சீனி அடங்கியிருக்கின்றது. பலகாரத்துக்கெனக் கடையில் விலை கொடுத்து வாங்கும் சீனியில் அவ்வளவைக் குறைத்துக்கொள்ளலாம். 2022 ஆம் ஆண்டில் நாட்டில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டுக் கோதுமை மா, பால்மா, சமையல் எரிவாயு ஆகியன தட்டுப்பட்டு விலையேறியதை நினைவிற் கொள்வோர்க்கு இக்கணக்கின் பெறுமதி விளங்கும்.

தோலிற் கரும்புள்ளி விழுவதும், வெட்டிய சதை கபில நிறமாவதும் காற்றிலுள்ள ஒட்சிசன் படுவதால் நிகழும் மாற்றங்களே. அவற்றால் உடலுக்குத் தீங்கில்லை. மேல்நாட்டிலே வேறொரு கருமையும் உண்டு. பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேற்பட்டவை. தை, மாசி மாதங்களில் இவ்விடங்களிற் சில இரவுகள் 13 பாகை செல்சியசுக்குக் கீழும் குளிர்கின்றன. அக்குளிர் பட்ட வாழைக்காயின் தோல் சாம்பல் நிறமாக மங்கி, உள்ளே சதை சரியாகப் பழுக்காமல் கட்டியாக நிற்கும். இதனைக் கனிந்த பழமென்று மயங்கலாகாது. அத்தகைய காயை அவித்தோ கறியாக்கியோ உண்பதே தகும். குளிர்காலத்திற் குலையை நிலத்தில் வையாது, அடுப்பங்கரையின் வெப்பம் எட்டும் பக்கமாகச் சாக்கினாற் போர்த்துத் தொங்கவிட்டால் இக்குறை நேராது.

இனி, எதனைத் தள்ளிவிடுதல் வேண்டும்? தோல் முழுதும் கறுத்திருந்தாலும், உரித்துப் பார்க்கும்போது சதை வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருந்து இனிய மணம் வீசுமாயின் அது உணவுக்கு உகந்தது. ஓரிடத்தில் மட்டும் அடிபட்டுக் கன்றியிருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதை எடுக்கலாம். ஆனாற் காம்பினடியிற் பூஞ்சணம் படர்ந்து சதைக்குள் இறங்கியிருந்தாலும், தோல் வெடித்து நீர் கசிந்தாலும், கள்ளைப்போற் புளித்த நெடி வீசினாலும், சதை உள்ளேயே கறுத்துக் கூழாகி இருந்தாலும் அப்பழத்தை அடுக்களைக்குட் கொண்டுவரலாகாது. சமைத்தாற் சரியாகிவிடும் என்னும் எண்ணம் தவறானது. பூஞ்சணம் சிலவற்றின் நஞ்சு கொதியிலும் அழிவதில்லை.

கல்சியம் காபைட்டு இட்டுப் பழுக்கச்செய்த குலைகளைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை. இவற்றின் தோல் நல்ல மஞ்சளாக இருக்கும். சதை கடினமாகவும் சுவையற்றும் இருக்கும். அப்பொருளில் ஆசனிக்கு முதலிய நச்சுக்கள் கலந்திருத்தல் கூடும். வீட்டுக் குலையைப் பழுக்கவைக்க அது வேண்டுவதே இல்லை. நம் முன்னோர் செய்தவாறு புகையூட்டினாலே போதும். புகையிலும் எதிலீன் உண்டு.

மரக்கறிக் கமக்காரர் கவனிக்க வேண்டியது

வெலிமடை, கெப்பெட்டிபொல, பண்டாரவளைப் பகுதிக் கமக்காரர் கோவா, கரட், போஞ்சி முதலியவற்றை அறுவடை செய்து ஓரிரவு வீட்டிலோ கொட்டிலிலோ வைத்திருந்து மறுநாட் காலை சந்தைக்கு அனுப்புவது வழக்கம். அதே கொட்டிலில் வாழைக்குலையும் தொங்குமாயின் இழப்பு வாழையோடு நிற்பதில்லை. பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயுவினாற் கோவாவின் இலை மஞ்சளித்து உதிரும்; போஞ்சி பசுமை குன்றும்; வெள்ளரிக்காய் பழுப்பேறும்; கரட்டில் ஒருவகைக் கசப்பு உண்டாகும். மறுநாள் வியாபாரி விலையைக் குறைக்கும்போது காரணம் புரியாது. பழுக்கும் குலையை மரக்கறியிலிருந்து வேறான இடத்தில், காற்றோட்டமாக வைத்தல் வேண்டும். ஒரே லொறியில் இரண்டையும் நெருக்கமாக ஏற்றுவதும் நன்றன்று.

குலை முழுவதும் ஒருசேரப் பழுப்பதை ஓரளவு தடுக்கவும் வழியுண்டு. வெட்டிய அன்றே சீப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, மேற்சீப்புகள் இரண்டை மட்டும் சாக்கில் மூடிப் பழுக்கவிட்டு, மற்றவற்றை வீட்டின் வேறு மூலையில் நிழலில் வைத்தால் நாலைந்து நாள் இடைவெளி கிடைக்கும். கீழ்ச்சீப்புகளைக் காயாகவே கறிக்கு எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

வாய்ப்பன்

கனிந்த பழத்தைக் கொண்டு செய்யும் பலகாரங்களுள் இலங்கைத் தமிழர் வீடுகளில் மிகுதியாக அறியப்பட்டது வாய்ப்பன். தேநீர்க் கடைகளிலும் இது விற்கப்படுகின்றது. ஆயினும் கடையிற் செய்வது பெரும்பாலும் சீனியும் மாவுமாகவே இருக்கும்; பழம் பெயரளவிலே. வீட்டில் அவ்வாறன்றிப் பழத்தையே முதலாக வைத்துச் செய்யலாம்.

தோல் கறுத்த அம்புல் வாழைப்பழத்தின் சதை 250 கிராம் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் கையாற் பிசைந்து பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். சீனி பழத்தின் நீரை இழுத்து வெளிக்கொணரும். பின்னர் 250 கிராம் கோதுமை மாவுடன் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவையும் பொடித்த ஏலக்காயையும் கலந்து, அம்மாவைப் பழத்திற் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைதல் வேண்டும். தண்ணீர் விடலாகாது. பழத்தின் நீரே போதுமானது. தண்ணீர் விட்டால் எண்ணெயைக் குடிக்கும். மா கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும். ஒரு மணி நேரம் மூடி வைத்த பின், கையை நனைத்துக்கொண்டு தேசிக்காய் அளவான உருண்டைகளாக எடுத்துத் தாச்சியிற் காய்ந்த எண்ணெயில் இடுக.

இங்குப் பலர் தவறுவது தீயின் அளவிலேயாம். பழச்சீனி விரைவிற் சிவக்கும் தன்மையது. எண்ணெய் மிகக் காய்ந்திருந்தால் மேலே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும். அடுப்புத் தீயை மட்டாக வைத்து, உருண்டைகள் தாமே புரளும்வரை பொறுத்திருந்து, செந்நிறம் வந்ததும் எடுத்தல் வேண்டும். ஒன்றைப் பிட்டுப் பார்த்து உள்ளே வெந்திருப்பதை அறிந்த பின்னரே மிகுதியை இடுவது நன்று. கோதுமை மாவின் காற்பங்குக்குப் பதிலாக வறுத்த அரிசி மா சேர்க்கலாம். அதனால் மேற்புறம் மொறுமொறுப்பாகும்.

ரொட்டியும் ஆவியில் அவிப்பனவும்

எண்ணெய் விலையேறியுள்ள காலத்தில் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேற் பொரித்தல் இயலாது. நாள்தோறும் பயன்படக்கூடியது ரொட்டியே. மலையிற் கொழுந்தெடுக்கச் செல்வோர் காலையில் ரொட்டியும் சம்பலும் கொண்டு செல்வது தோட்டப்பகுதி வழக்கம். அதே மாவிற் பழஞ் சேர்த்துச் சுட்ட இரண்டு ரொட்டி பத்து மணித் தேநீருக்குப் போதுமான ஆகாரமாகும்.

கோதுமை மா 200 கிராம், குரக்கன் மா 100 கிராம், அரைமூடித் தேங்காயின் துருவல், உப்பு ஆகியவற்றைக் கலந்து, நன்கு மசித்த பழச்சதை 200 கிராம் இட்டுப் பிசைக. குரக்கன் மா நீரை மெல்லவே உறிஞ்சுவதால் அரை மணி நேரம் ஊறவிடல் வேண்டும். ஊறிய பின்னும் மா உதிருமாயின் மட்டும் இரண்டொரு கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். ரொட்டியைச் சற்றுத் தடிப்பாகத் தட்டி, எண்ணெய் தடவிய ஓட்டில், இளந்தீயில், மூடி போட்டுச் சுடுக. சீனி சேர்க்க வேண்டியதில்லை. கோதுமை மா கிடையாத காலத்திற் குரக்கனையும் அரிசி மாவையும் சமமாக எடுத்து இதே முறையிற் சுடலாம்; ஆனால் அரிசி மாவைக் கொதிநீரிற் குழைத்தபின்பே பழத்தைச் சேர்த்தல் வேண்டும், இன்றேல் ரொட்டி வெடித்து உடையும்.

குரக்கன் மாவையும் தேங்காய்ப்பூவையும் பாணியிற் பிசைந்து, வட்டக்கண்ணி இலையில் மடித்து அவிக்கும் அலப்பை என்னும் பலகாரத்தைச் சிங்களக் கிராமங்களில் உண்டிருப்பீர்கள். பாணியின் பாதியைக் குறைத்து அவ்விடத்திற்குக் கனிந்த பழத்தை மசித்து இட்டால் சுவை குன்றாது, செலவு குறையும். வட்டக்கண்ணி இலை கிடையாத இடத்தில் வாழையிலையைத் தணலில் வாட்டி மடிக்கலாம். ஆவியில் இருபது நிமிடம் வேகவேண்டும். பழஞ் சேர்த்த பலகாரம் மறுநாளைக்கு நில்லாது. அன்றே உண்டு முடிக்கும் அளவிற் செய்க.

தோசை மா, இட்டலி மா மிஞ்சியிருக்கும் வீடுகளிற் பணியாரமே எளிது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் பலரிடம் குழிப்பணியாரச் சட்டி இன்னும் இருக்கின்றது. நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு பழச்சதையும், சுவைக்கேற்பத் தூளாக்கிய சர்க்கரையும் போதும். இதற்கு மேற் பழஞ் சேர்த்தாற் பணியாரம் சட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பச்சடியும் உண்டு. அளவுக்கு மிஞ்சிக் கனிந்த சீனி வாழைப்பழம் இரண்டை மசித்து, ஒரு கோப்பை எருமைத் தயிருடன் கலந்து, உப்பும் நறுக்கிய பச்சை மிளகாயும் இட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுக. காரக்குழம்புடன் இதனை உண்டு பார்த்தவர் மறப்பதில்லை.

சிறு குழந்தைகளுக்கு

2016 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டு மட்டத்தில் நூற்றுக்கு 17 பேராக இருக்க, பெருந்தோட்டத் துறையில் ஏறக்குறைய 32 பேராக இருந்தனர். இந்நிலையில், வீட்டில் உள்ள உணவு குப்பைக்குப் போவதை வெறும் சிக்கனக் கேள்வியாகக் கொள்ளலாகாது.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் கொடுக்கத் தொடங்கும் உணவுகளுள் மசித்த வாழைப்பழம் மிக ஏற்றது. நன்கு கனிந்ததே எளிதில் மசியும். ஆனால் வாழைப்பழம் மட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பிவிடலாகாது. நூறு கிராம் பழத்திற் புரதம் ஒரு கிராம் அளவே. இரும்புச் சத்து மிக அற்பம். ஆதலால் அதனை அவித்த முட்டையுடனோ, குழைய வேகவைத்து மசித்த பாசிப்பயற்றுடனோ, குரக்கன் கஞ்சியுடனோ சேர்த்தே ஊட்டல் வேண்டும். 1973 ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கத்தால் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா மாவைப் பெறுவோர், சீனிக்குப் பதிலாகக் கனிந்த பழத்தை இட்டுப் பிசைந்து கொடுக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தையின் உணவிற் சீனி, உப்பு, தேன் எதுவும் சேர்க்க வேண்டாம். குழந்தைக்கு எடுக்கும் பழத்திற் கன்றிய பகுதியோ வெடிப்போ இருத்தலாகாது. பெரியோருக்கு ஆவது குழந்தைக்கும் ஆகும் என்று எண்ணலாகாது.

சேமித்து வைத்தல்

பழனித் திருக்கோயிற் பஞ்சாமிர்தத்தை அறியாதார் இலர். விருப்பாட்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலம் முதலியவை சேர்த்துச் செய்யும் அப்பண்டத்துக்கு 2019 ஆம் ஆண்டில் இந்தியாவிற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதில் ஒரு துளி தண்ணீரும் சேர்ப்பதில்லை, சர்க்கரையோ மிகுதி. பழத்தின் நீரைச் சர்க்கரை தன்வசப்படுத்திக்கொள்வதால் நுண்ணுயிர்கள் அதிற் பெருக இடமில்லை. ஜாம் காய்ச்சுவதன் தத்துவமும் இதுவே.

எனினும் வாழைப்பழ ஜாமில் ஒரு வேற்றுமையைக் கவனித்தல் வேண்டும். அன்னாசி, கொடித்தோடை போன்றவை இயல்பாகவே புளிப்புள்ளவை. வாழைப்பழம் புளிப்புக் குறைந்தது. கனியக் கனிய அது மேலும் குறையும். புளிப்பில்லாத பழக்கூழைக் காற்றுப்புகாத போத்தலில் அடைத்து வைத்தால், உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளரக்கூடும். ஆகவே வெறும் பழக்கூழைக் காய்ச்சிப் போத்தலில் அடைத்து வைப்பதை ஒருபோதும் செய்யலாகாது. தேசிப்புளியும் முழு அளவு சீனியும் சேர்த்தே காய்ச்சுதல் வேண்டும். இனிப்பு மிகுதி என்று சீனியைப் பாதியாக்குவோர் அதனை ஜாமாக எண்ணாது, இரண்டு மூன்று நாளில் உண்டு முடிக்கும் பழப்பாகாகக் கொள்ளல் வேண்டும்.

சதை ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, தேசிச்சாறு நாலு மேசைக்கரண்டி என்பன அளவு. கனிந்து மிஞ்சிய பழத்திற் பாகை இறுகச் செய்யும் பெக்டின் குறைந்திருக்கும். ஆதலால் சதையிற் காற்பங்கு, அப்போதுதான் பழுத்த பழமாக இருத்தல் நன்று. முதலில் வெறும் பாத்திரத்தையும் அகப்பையையும் நிறுத்து அந்நிறையைக் குறித்துக்கொள்க. துருப்பிடியாத உருக்குப் பாத்திரமே வேண்டும். புளிப்புப் படுவதால் அலுமினியமும் செம்பும் ஆகா. சதையை மசித்துச் சாற்றுடன் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அதன்பின் சீனியை இட்டு, அடிபிடியாமற் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கிலோவாக இருந்த கலவை ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோவாக வற்றும்போது அதிற் சீனிப்பொருள் நூற்றுக்கு 68 பங்காகும். அதுவே இறக்கும் பதம். தராசு இல்லாதோர் ஒரு துளியைக் குளிர்ந்த பீங்கானில் விட்டுச் சாய்த்துப் பார்க்கலாம். ஓடாது நிற்பின் பதம் வந்தது. பத்து நிமிடம் கொதிநீரில் இட்டெடுத்த போத்தல்களிற் சூடாகவே ஊற்றி மூடுக. திறந்த போத்தலில் ஈரக்கரண்டி இடலாகாது. மேலே பூஞ்சணம் தோன்றினால் அதை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மிகுதியை உண்ணும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் வேண்டும்.

சீனி வாங்க இயலாதோர்க்கு வெயில் உதவும். ஆனி முதல் ஆவணி வரை ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்று வாழையைச் சாய்ப்பதும் உண்டு. பழத்தை உலர்த்தித் தருவதும் உண்டு. சாய்ந்த மரங்களிலிருந்து எடுத்து ஒருசேரப் பழுத்த குலைகளை உலர்த்துவதற்கு அக்காலமே உகந்தது. ஒரு கிலோ சதைக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிச்சாறு சேர்த்து மசித்து, எண்ணெய் தடவிய தட்டில் அரைச் சென்ரிமீற்றர் தடிப்பாகப் பரப்பி, மெல்லிய வலைத்துணியால் மூடி வெயிலில் வைக்க. மாலையில் உள்ளே எடுத்துவிடல் வேண்டும். பனியில் விட்டால் அன்று உலர்ந்தது வீணாகும். இரண்டு மூன்று நாளில், விரலில் ஒட்டாத பதத்திற் பாய்போல உரித்தெடுக்கலாம். அதனைச் சுருட்டித் துண்டுகளாக்கிப் போத்தலில் இட்டு, மறுநாள் மூடியின் உட்புறத்தைப் பார்க்கவும். அங்கு நீர்த்துளி கண்டால் உலர்வு போதாது. மீண்டும் வெயிலில் வைக்க. தெருவோரத்திலும், மருந்து தெளிக்கும் தேயிலை மலைக்கு அருகிலும் உலர்த்தலாகாது. ஐப்பசி முதல் தை வரையான மழைக்காலத்தில் இம்முறையை முயலவே வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டிற் பழத்தை உரித்துப் பையிலிட்டு உறையவைத்தால் வாய்ப்பனுக்கும் ரொட்டிக்கும் ஒரு மாதம் வரை எடுக்கலாம். உரியாமல் வைத்தால் தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும்.

பழத்தைப் புளிக்கவிட்டு வினாகிரி செய்யலாமா என்று கேட்போர் உளர். செய்யலாம், ஆனால் அதன் புளிப்பின் அளவை வீட்டில் அறிய முடியாதாகையால் ஊறுகாய்க்கு அதை நம்பலாகாது. அன்றியும் பழத்தையும் சீனியையும் புளிக்கவைத்தால் முதலில் உண்டாவது மது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி மது வடிப்பது குற்றம். தோட்டங்களிற் கசிப்பினால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் ஒரு போத்தல் வினாகிரி வாங்குவதே நன்று.

யார் குறைத்து உண்ண வேண்டும்

நீரிழிவு உள்ளோர் கனிந்து மிஞ்சிய பழத்தையும் அதனாற் செய்த இனிப்புப் பலகாரத்தையும் அளவறிந்தே உண்ணல் வேண்டும். காயில் மாப்பொருளாக இருந்ததெல்லாம் இப்போது சீனியாகி நிற்கின்றது. பழச்சீனி தீங்கு செய்யாது என்னும் பேச்சை நம்ப வேண்டாம்.

பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டை, மஹியங்கனைப் பகுதி நெற்கமக்காரரிடையே காரணம் இன்னும் முற்றாகத் துணியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகின்றது. சிறுநீரகம் தளர்ந்தோரின் குருதியிற் பொட்டாசியம் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நூறு கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பலகாரமாக்கினும் ஜாமாக்கினும் அது அழிவதில்லை. உலர்த்திய பழத்திலோ நிறைக்கு நிறை பலமடங்காகின்றது. ஆதலால் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே வாழைப்பழம் உண்ண வேண்டும். வீட்டில் ஒருவர் நோயாளியாயின் அவருக்குரிய ரொட்டியைப் பழஞ் சேர்க்காமல் வேறாகச் சுட்டு வைப்பது கடினமான காரியமன்று.

விற்க விரும்புவோர்க்கும் கழிவுக்கும்

மாதர் சங்கங்களும் கிராம அமைப்புகளும் ஜாமையோ உலர்ந்த பழத்தையோ விற்க முற்படுமாயின், முதற் போத்தலை நிரப்புமுன் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு கலந்தாலோசித்தல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளும் வீட்டிற் செய்து விற்கும் பண்டத்துக்கும் பொருந்தும். செய்த திகதியும், கலந்த பொருள்களும், நிறையும் சுட்டியில் எழுதப்படல் வேண்டும்.

தோலையும், உணவுக்குத் தள்ளிய பழத்தையும் மரக்கறிப் பாத்தியோரம் எறிந்துவிடுவது பெருந்தவறு. அவற்றில் ஈக்கள் முட்டையிட்டுப் பெருகும்; காட்டுப்பன்றியும் மணம் பிடித்து வரும். தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உலர்ந்த இலையும் சாணமும் இடையிட்டுக் கூட்டெருக் குழியிற் போட்டு, மேலே நாலு விரற்கடை மண்ணால் மூடுக. வாழைத்தோலிற் பொட்டாசியம் மிகுதி. அவ்வெரு முதிர்ந்ததும் அதனை மீண்டும் வாழையடியிலேயே இடலாம். மிளகாய், தக்காளிப் பாத்திகளுக்கும் அது ஏற்றது. ஈரம் மிகுந்து நாறினால் உலர்ந்த இலையைக் கூட்டுக.